வெள்ளைச் சீட்டு

ஜூலை 3, புதன்

டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். "கோவத்த உள்ளயே வெச்சுக்காதீங்க டீச்சர். காத்தால ஒரு நடை போங்க, இல்லாட்டி நோட்டுல எழுதித் தள்ளுங்க" என்றார். எங்கள் தெரு நாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதனால் எழுதித் தள்ளுகிறேன்.

டைரியின் முதல் பக்கம் பெயர், வேலை, ரத்த வகை எல்லாம் கேட்கிறது. கோகிலவாணி, இடைநிலை ஆசிரியை, செம்மாம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. ரத்தம் கொதிக்கிற வகை.

முதல் நாளே எழுத விஷயம் கிடைத்துவிட்டது. இன்று வட்டார வள மையத்தில் கூட்டம். சென்னையில் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து முனைவர் தாட்சாயணி என்று ஒரு மேடம் வந்திருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக 'சொல்பை' என்று ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று எங்கள் ஒன்றியத்தில் ஒரு வருடம் சோதித்துப் பார்ப்பார்களாம். பலன் தெரிந்தால் மாவட்டம் முழுவதற்கும் கொடுப்பார்களாம்.

நல்ல காரியம்தானே என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் ஓர் எவர்சில்வர் குண்டாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். உள்ளே சீட்டுகள். தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய் எடுக்க வேண்டும். மஞ்சள் வந்தால் பயிற்சி, துணிப்பை, அட்டை எல்லாம் உண்டு. வெள்ளை வந்தால் அது ஒப்பீட்டுப் பள்ளி. பக்கத்து ஊர்ப் பள்ளி டீச்சர் சுலோசனாவின் தலைமையாசிரியர் போனில் பேசிக்கொண்டே போய் மஞ்சளை எடுத்து வந்தார். எங்கள் சென்னியப்பன் சார் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கும்பிட்டு, வெள்ளையை எடுத்தார்.

எழுந்து கேட்டேன். "ஒப்பீட்டுப் பள்ளின்னா நாங்க என்ன பண்ணோணுங்க மேடம்?"

"ஒண்ணுமே பண்ண வேண்டாம் டீச்சர். எப்பவும் போல நடத்துங்க. புதுசா எதுவும் சேர்க்காதீங்க. அதுதான் உங்க பங்கு."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்குங்க மேடம் கூட்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவைப்பதற்காகக் கேட்கவில்லை. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. எப்போதும் போல நடத்தித்தான் அவர்களுக்கு வரவில்லை. இன்னும் ஒரு வருடம் அதையே செய்யச் சொல்ல ஒரு முனைவர் சென்னையிலிருந்து வரவேண்டுமா?

மஞ்சள் பள்ளி ஆசிரியர்கள், முடிவு வரும்வரை இந்த முறையை வெளியே யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மிக்சர் மட்டும் எல்லாருக்கும் பொது.

ஜூலை 9, செவ்வாய்

முதல் தேர்வு. மேடமே வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நாலு வரியை நீட்டி வாசிக்கச் சொன்னார்.

ரோகிணியின் முறை வந்தது. இவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பதிலிருந்து எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பது வரை தெரியும். எழுத்து மட்டும் ஆகாது. தாளை வாங்கினாள், மேலே இருந்த படத்தைப் பார்த்தாள், அந்தப் படத்துக்கு ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். விரலை மட்டும் வரிகளின் கீழே ஒழுங்காக ஓட்டினாள். மேடம் சிரித்துக்கொண்டே பூஜ்யம் போட்டார்.

இந்தப் பெண்ணுக்கு மூளை இல்லையா? இருக்கிறது. கூடுதலாகவே இருக்கிறது. பிறகு யார் குற்றம்?

போகும்போது ஒத்துழைப்புக்கு நன்றி என்று பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மஞ்சள் பள்ளிக்கு முறை, எங்களுக்குக் கடிகாரம். சும்மா இருக்கும்போது மணி பார்க்க வேண்டாமா?

ஜூலை 14, ஞாயிறு

கிரைண்டர் பாதி மாவில் நின்றுவிட்டது. மீதியை மிக்சியில் ஓட்டினேன், தோசை ரப்பர் மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் அதையும் சாப்பிட்டார். உரக்கடையில் நின்று நின்று எதையும் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அவங்க பண்றது நாயந்தான் வாணி. புது உரம் வந்தா கம்பெனிக்காரன் ஒரு பாத்திக்குப் போட்டுப்போட்டு, பக்கத்துப் பாத்தியச் சும்மாதான் விடுவான். ரெண்டும் ஒரே மாதிரி வெளைஞ்சா உரம் தண்டம். வித்தியாசம் இருந்தாத்தான் உரம். சும்மா விட்ட பாத்தி இல்லீன்னா எப்புடித் தெரியும்?"

"என்ற புள்ளைங்க பாத்தியாங்க?"

"நா அப்புடிச் சொல்லுல."

"அப்புடித்தான் சொன்னீங்க. சும்மா விட்ட பாத்தி காஞ்சு போனா அடுத்த போகத்துல பாத்துக்கலாம். மூணாவது படிக்கறவளுக்கு அடுத்த போகம் ஏதுங்க?"

தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 26, வெள்ளி

எப்போதும் போல நடத்தினேன். ரோகிணி எப்போதும் போல முழித்தாள்.

ஆகஸ்ட் 10, சனி

குறுவள மையக் கூட்டம். மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் ஒன்றாக உட்காரவேண்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. எதற்கு? நல்லதாக ஏதாவது செய்திருந்தால் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளத்தான். எங்கள் ஒன்றியத்தில் ஒருத்தி திங்கட்கிழமை ஒரு சார்ட் ஒட்டினால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பள்ளிச் சுவரிலும் அதே சார்ட் தொங்கும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அதனால் சுலோசனாவிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கையெழுத்து வாங்கியிருக்காங்கக்கா. வேண்டாங்க்கா."

"என்னம்மோ நாட்டு ரகசியமாட்டப் பேசற. வாசிக்கச் சொல்லிக்குடுக்கறதுதான?"

"அக்கா, சத்தியமா முடியாதுங்க்கா."

மத்தியானம் வரைக்கும் நான் அவளிடம் பேசவில்லை. அவள் கொண்டுவந்த தக்காளி சாதத்தையும் தொடவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் வரவில்லை. வாழைக்காய் பஜ்ஜி வாங்கினாள். அப்புறம் குனிந்துகொண்டு, பஜ்ஜியிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள்.

இவ்வளவுதான் விஷயம். பிள்ளையிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்கவேண்டும். அது சொல்கிற வாக்கியத்தை அது சொன்ன மாதிரியே, பேச்சிலேயே, ஒரு தாளில் எழுதவேண்டும். வாசித்துக் காட்டி, சொல் சொல்லாகக் கத்தரித்து, கலைத்து, திரும்ப அடுக்கச் சொல்லவேண்டும். அந்தத் துண்டுகள் பிள்ளையின் சொந்தத் துணிப்பையில் போய்ச் சேரும். நாளுக்கு ஒரு வாக்கியம். பை நிரம்ப நிரம்ப, பழைய சொற்களில் இருந்தே புது வாக்கியம்.

"புள்ளைங்க பைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அம்மாகிட்டக் காட்டுதுங்கக்கா" என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆரம்பித்துவிட்டேன். இது ஒன்றும் புதிய முறை அல்ல. பிள்ளைகள் சொல்வதை நான் முன்பும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், எப்போதாவது. ஆகையால் இதுவும் எப்போதும் போல நடத்துவதில்தான் சேரும். பைதான் புதிது. அதுவும் என் பழைய ஜாக்கெட் துணியில் நானே தைத்தது, எந்த நிறுவனமும் கொடுத்ததில்லை.

ரோகிணி சொன்னது: "நேத்து எங்க வெள்ளாடு மளிகக்கடை வாழப்பழத்தத் தின்னுபோட்டு ஓடிப்போச்சு."

எழுதினேன். கத்தரித்தேன். கலைத்துப் போட்டேன். அவள் முதலில் எடுத்தது 'வெள்ளாடு'. எப்படி அது என்று தெரிந்தது என்றேன். "எங்க ஆட்டத் தெரியாதுங்களா டீச்சர் எனக்கு?" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா, குங்குமச் சிமிழ், ஒரு முழு பூசணிக்காய் எல்லாம் கொடுத்தார்கள். ரோகிணி ஒன்றும் கொண்டுவரவில்லை. காலையில் வரும்போதே வாசலில் நின்று பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே ஓடிவந்து, "டீச்சர், 'வெள்ளாடு'ல வர்ற 'டு' அங்கயும் இருக்குதுங்க, ஆனா கொஞ்சம் வேற மாதிரி நிக்குதுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். 'ஊராட்சி' என்பதில் இருந்த 'ட்'டைக் காட்டினாள்.

இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஒருவர் கையெழுத்து வாங்கியிருக்கிறார். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 18, புதன்

சென்னியப்பன் சார் இன்று என் வகுப்புக்கு வந்தார். சாளரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஆணியில் வரிசையாகத் தொங்கிய பைகளை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க டீச்சர்" என்றார்.

"எதுங்க சார்?"

"எதுவுந் தெரியாதுங்க. யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாது. சொல்லிப்போட்டன்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "அஞ்சாவதுல ஒருத்தன் இன்னும் எழுத்துக் கூட்டறானுங்க. ஒரு பை மிச்சம் இருந்தாக் குடுங்க" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் மேடம் வந்துவிட்டார். கேட்டில் ஆட்டோ நின்றதுமே சமையல் அம்மா குரல் கொடுத்தாள். பைகள் எல்லாம் சத்துணவு அறையின் காலி அரிசி டிரம்முக்குள் போயின. சார் டிரம்மின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்தார். நான் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து கத்துங்கள் என்றேன். பிள்ளைகள் என்னை ஏதோ உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ரோகிணி எழுந்து, "டீச்சர், பை எங்கீங் டீச்சர்?" என்றாள். சோற்றுப் பை சமையலறையில் இருக்கிறது, உட்கார் என்றேன்.

மேடம் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சள் பள்ளிங்க எல்லாம் ஆர்வமா இருக்காங்க, அது சுலபம். உங்களை மாதிரி காத்திருக்கிறவங்க இல்லேன்னா இதை நிரூபிக்கவே முடியாது டீச்சர். அடுத்த வருஷம் மாவட்டம் முழுக்கப் போகணும்னா அது உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

ஆட்டோ போனபிறகும் கொஞ்ச நேரம் கேட்டிலேயே நின்றேன்.

அக்டோபர் 23, புதன்

சத்துணவு சாம்பாரில் உப்பு அதிகம். சமையல் அம்மாவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன் என்று சார் சொல்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

கடைசித் தேர்வு. ரோகிணி நாலு வரியையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "இந்தக் கதை நல்லாவே இல்லீங் மேடம், இதுல ஒண்ணுமே நடக்கல" என்று அபிப்பிராயமும் சொன்னாள். மேடம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். போன ஜூலையில் படம் பார்த்துக் கதை சொன்ன பெண் என்று நினைவு இருந்திருக்கும்.

"எப்படி டீச்சர்?" என்றார்.

"எப்பவும் போலத்தானுங்க" என்றேன். பெருமையில் சொன்னதுதான். வேறொன்றுமில்லை.

இன்று இவரை அல்வா வாங்கி வரச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார். வாசித்துவிட்டார்கள் என்றேன். "நல்லதாப் போச்சு" என்றவர், எதையோ கேட்க வந்து கேட்காமல் விட்டுவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வு முடிவை அறிவிக்கும் கூட்டம். அதே மண்டபம். திரையில் இரண்டு தூண்கள், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

மேடத்தின் முகம் செத்துப்போயிருந்தது. "சொல்பை பள்ளிகள்ல பிள்ளைங்க நல்லா முன்னேறியிருக்காங்க. ஆனா ஒப்பீட்டுப் பள்ளிகள்லயும் கிட்டத்தட்ட அதே முன்னேற்றம். அதனால சொல்பைதான் காரணம்னு சொல்ல முடியல. வயசு ஏற ஏறப் பிள்ளைங்க இயல்பா வளர்றதுதான் இது போல."

இயல்பாம்! ரோகிணி இயல்பாக வளர்ந்து வாசித்துவிட்டாளாம். பை தைக்கும்போது ஊசி குத்தி என் கட்டைவிரல் கூட இயல்பாகத்தான் வீங்கியது போலிருக்கிறது.

அப்புறம் மாவட்டக் கல்வி அதிகாரி எழுந்தார். பலன் இல்லாத திட்டத்தைத் தொடர முடியாது, மஞ்சள் பள்ளிகள் பைகளையும் அட்டைகளையும் மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும், மாவட்டத்துக்கு விரிவாக்கும் யோசனை கைவிடப்பட்டது என்றார். சுலோசனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீ கொடுத்த இடத்தில் இன்னொரு வெள்ளைப் பள்ளியின் காட்டூர் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். டம்ளரையே பார்த்துக்கொண்டு, "நாங்க பிளாஸ்டிக் கவர்ல வெச்சோமுங்க" என்றார்.

"எதைங்க?"

"துண்டுகளைத்தானுங்க. நீங்க எதுல வெச்சீங்க?"

அவருக்குச் சொன்னது அவருடைய நாத்தனாராம். மஞ்சள் பள்ளி. சுற்றிலும் பார்த்தேன். வெள்ளைப் பள்ளிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 18, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி.

இவர் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"பாத்தின்னு சொன்னீங்கள்ள? சொல்லிக் காட்டுங்க."

"நா ஒண்ணுஞ் சொல்லுலியே வாணி."

"சொல்லாம நிக்கறீங்க பாருங்க, அதுதானுங்க சொல்லிக் காட்டறது."

டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். அதற்கும் சண்டை போட நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

மேடம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று வள மையத்துக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என் ஜாக்கெட் துணிப் பை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கவிழ்த்துப் பார்த்தார். வெள்ளாடும் வாழைப்பழமும் விழுந்தன.

ரொம்ப நேரம் அந்தத் துண்டுகளையே பார்த்தார்.

"எத்தனை பள்ளியில?"

"எங்க பள்ளியிலங்க. மத்தவங்களப் பத்தி அவங்கதான் சொல்லோணும்."

"மூணு வருஷம் டீச்சர்." கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "மூணு வருஷம் இதுக்காக அலைஞ்சிருக்கேன். இது வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும் போதாது, காட்டணும். நீங்க உங்க வகுப்புக்குக் கொடுத்தீங்க. மாவட்டத்துல இருக்கிற அத்தனை மூணாம் வகுப்புக்கும் கிடைக்க இருந்ததைப் பிடுங்கிட்டீங்க. அது தெரியுதா உங்களுக்கு?"

தெரிந்துதான் வந்திருந்தேன். ஆனால் அதை அவர் வாயால் கேட்டதும் எனக்கும் ஏறிவிட்டது.

"தெரியுதுங்க. நாஞ் செஞ்சது தப்புத்தான். ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க. எந்தப் புள்ளயக் காட்டி, உனக்கு இது வேண்டாம், நீ சும்மா உக்காந்துருன்னு சொல்றது? நீங்க சென்னைக்குப் போயிருவீங்க. தெனமும் அவ மொகத்தப் பாக்கறது நானுங்க. ஒரு வருசம் காத்திருங்கன்னீங்க. அந்த ஒரு வருசம் முடிஞ்சா எங்க புள்ளைங்களுக்கும் உண்டுன்னு ஒரு தேதி சொன்னீங்களா? ஒரு கடிகாரத்தக் குடுத்துப்போட்டுப் போனீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். "தேதி சொல்லியிருக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நடந்ததை எழுதிக் கொடுத்தால் முடிவை நிறுத்திவைக்கச் சொல்லலாம், இந்த வருடம் பொங்கலுக்குள் மறுபடி நடத்தி முடிக்கலாம், பைகளும் திரும்பப் போகாது என்றார். ஆனால் எழுதிக் கொடுத்தால் அது அதிகாரி கைக்குப் போகும், என் வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெள்ளைப் பள்ளிகளுக்குப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் சொல்பை வரும் என்று முதலிலேயே எழுத்தில் வேண்டும் என்றேன். எழுதித் தந்தார். நானும் எழுதித் தந்தேன். சுலோசனாவின் பெயரை எழுதவில்லை.

"அதுவரைக்கும்?" என்றார்.

"அதுவரைக்கும் தொடமாட்டன்" என்றேன். சொன்னது நான்தான்.

ஜூன் 21, சனி

சுலோசனா போன் செய்தாள். "எம் பேர ஏங்க்கா விட்டீங்க?" என்று என்னையே திட்டினாள். அவளும் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். காட்டூர் டீச்சரும்.

ஜூலை 8, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. அனுமதிக்கப்படாத முறையில் மாணவர்களுக்கு வாசிக்கக் கற்பித்ததற்காக என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் பாதி வகுப்பு வாசிக்காமல் நாலாவதுக்குப் போயிற்று. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கூட வந்ததில்லை. வாசித்ததற்கு மெமோ!

விளக்கம் எழுதினேன். மேடத்திடம் தவறு என்று ஒப்புக்கொண்டதை இங்கும் ஒப்புக்கொண்டேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுத வரவில்லை. சார் கெஞ்சிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடியும் வெள்ளைப் பள்ளி. மறுபடியும் எப்போதும் போல.

இந்த வருட மூன்றாம் வகுப்பில் முத்தரசி என்று ஒருத்தி. ஜூனில் புதிதாகச் சேர்ந்தவள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கோழிப்பண்ணையில் வேலை, குடியிருப்பும் பண்ணைக்குள்ளேயே. ரோகிணி எவ்வளவு பேசுவாளோ அவ்வளவுக்கு இவள் பேசமாட்டாள். பெயர் கேட்டால் கூட உதடு மட்டும் அசையும். வாசிப்பில் பூஜ்யம்.

இன்று மத்தியானம் நாலாம் வகுப்பு ரோகிணி தன் பையை இவளிடம் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பையை வாங்கி ரோகிணியை அவள் வகுப்புக்கு விரட்டினேன். முத்தரசி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மேடத்துக்கு அனுப்ப ஒரு வழி இருந்தால் தேவலை.

செப்டம்பர் 24, புதன்

தொடவில்லை. காட்டூர் டீச்சரும் தொடவில்லையாம். ஒவ்வொரு வாரமும் போன் செய்து ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம், சர்க்கரை வியாதிக்காரர்கள் மாதிரி.

நவம்பர் 6, வியாழன்

மேடம் வந்தார். இந்த முறை ஒளிக்க ஒன்றும் இல்லை. வகுப்பைப் பார்த்தார், முத்தரசியைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. "கஷ்டமா இருக்கு டீச்சர்" என்றார்.

"பொங்கல் வரட்டுங்க மேடம்" என்றேன். அவரைத் தேற்ற வேண்டிய வேலையும் எனக்கு!

டிசம்பர் 4, வியாழன்

காலையில் முத்தரசியின் அம்மா வந்து அலுவலகத்தில் நின்றிருந்தாள். பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவர் மூடிவிட்டாராம். பல்லடம் பக்கம் வேறு பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறதாம். இன்றைக்கே போகவேண்டும், சாமான் ஏற்ற வண்டி வருகிறது, டிசி வேண்டும்.

"பொங்கல் கழிச்சுப் போகக் கூடாதுங்களா?" என்றேன்.

"நாங்களாங்க டீச்சர் நாள் பாக்கறது?" என்றாள்.

அவள் மேல் என்ன தப்பு? யார் மேலும் தப்பில்லை. ஆராய்ச்சி சரி, மேடம் சரி, நான் கொடுத்த வாக்கும் சரி. எல்லாரும் சரியாக இருந்து, ஒரு பிள்ளை ஒரு சொல் வாசிக்காமல் என் வகுப்பை விட்டுப் போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை.

சென்னியப்பன் சார் டிசியை எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

"சார், கையெழுத்தப் போடுங்க."

"என்னங்க டீச்சர் அவசரம்? வண்டி வர நேரமிருக்குதுங்களே."

"இப்பவே போடுங்க சார். சீலும் வெச்சுருங்க. வருகைப் பதிவுலயும் பேர அடிச்சுருங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே செய்தார்.

"இப்ப இவ நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ள இல்லீங்களே?"

"இல்லீங்."

"வெள்ளைச் சீட்டுலயும் இல்லீங்களே?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். என் வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

முத்தரசியை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். நேற்று என்ன நடந்தது என்று கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது. உங்கள் பண்ணையில் என்ன இருக்கும் என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் நின்று, "சொல்லு கண்ணு, டீச்சர் கேக்கறாங்கல்ல" என்றாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். காத்திருந்தேன். எனக்குத்தான் காத்திருக்கப் பழக்கியிருக்கிறார்களே.

கடைசியில் சொன்னாள். "எங்க பண்ணைல ராத்திரியிலயும் லைட்டு அமத்த மாட்டாங்க. கோழி தூங்கவே தூங்காது."

சொன்ன மாதிரியே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அவள் பேச்சு தாளில் இருப்பதைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கத்தரித்துக் கலைத்துப் போட்டேன். முதல் தடவை தலைகீழாக அடுக்கினாள். திரும்பக் கலைத்தேன். வெளியே வண்டி வந்து நின்றது. 'கோழி'யை எடுத்தாள். அதன் பக்கத்தில் 'தூங்காது'வைத் தேடி வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, எனக்குக் கேட்கிற சத்தத்தில் வாசித்தாள்.

"டீச்சர், வண்டிக்காரரு கத்தறாருங்க" என்றாள் அம்மா.

"கத்தட்டும்" என்றேன்.

வெளியே ஹாரனை விடாமல் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இன்னொரு தாளை எடுத்து, வேறு என்ன இருக்கும் உங்கள் பண்ணையில் என்று முத்தரசியிடம் கேட்டேன்.